ஒரு பேர் மிச்சம்

காது மிஸியின் கையிலிருந்த போன், ஒரு பிள்ளையை யார் அடித்தது, எந்தக் கன்னத்தில் அடித்தது என்பதையெல்லாம் படம்போலக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் நம்பினேன் என்று சொல்லித் தப்ப வழியில்லை. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பதினைந்து குதிரைவலு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற ஆள் நான். வட்ஸ்அப்பில் வரும் புரளிகளை நம்புகிறவர்களை இறங்குதுறையில் நிற்க வைத்துப் பகிடி பண்ணுகிறவனும் நான்தான்.

ஆனால் நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. என் மகளுக்கு இடது காது கேட்கவில்லை என்பதை இந்த உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான். அவள் நிலத்தில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகக் குனிந்து காதுக்குள் ஒரு பகிடி சொன்னேன். சிரிக்கவில்லை. பகிடி சரியில்லையாக்கும் என்று இன்னொன்று சொன்னேன். அதற்கும் இல்லை. கடைசியில், "ஐஸ்கிரீம் வேணுமா மகள்?" என்று மெல்லக் கேட்டேன். ஐஸ்கிரீமுக்குத் திரும்பாத பிள்ளையை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன்.

அதற்கு மூன்று கிழமைக்கு முன், அதே இடது கன்னத்தில், அவளை நான் அறைந்திருந்தேன்.

கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. அவளே ஒரு நாள், "இவளுக்கு ரெண்டு தரம் சொன்னாத்தான் வெளங்குது. வாப்பாட பகிடியக் கேட்டுக் கேட்டுக் காது அடைச்சிட்டுதாக்கும்" என்றாள். நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இந்த நிலையில்தான் எங்கள் தீவுக்கு மிஸி வந்தார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்த பெண்களையெல்லாம் மிஸி என்போம். இவர் பிள்ளைகளின் காதைப் பார்க்க வந்தவர் என்பதால் காது மிஸி. தில்லையடியில் வீடு. ஆஸ்பத்திரியின் காதுப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரி பார்க்காத தீவுப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் காது பார்க்க வேண்டும் என்று ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து இவரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆள் கட்டை. கண்ணாடி தடிப்பு. கையில் ஒரு ஷொப்பிங் பேக். அதற்குள் ஒரு போன், பழைய சால்வையில் சுற்றிய பெரிய இயர்போன், ஒரு வெற்று ஐஸ்கிரீம் டப்பா, ஒரு துணி, கடற்கரையில் பொறுக்கிய சோகி ஒரு பை நிறைய. இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

கற்பிட்டியிலிருந்து தீவுக்கு ஆளும் ஐஸும் கொண்டுபோய், மீனோடு திரும்புகிறது என் வள்ளம். அதனால் அவரை ஏற்றி இறக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் நாளே ஆளின் குணம் தெரிந்துவிட்டது. எதிலும் மிச்சம் வைக்கமாட்டார். தேத்தண்ணி குடித்தால் கோப்பையின் அடியில் கரையாமல் கிடக்கும் சீனியை விரலால் வழித்து எடுத்துவிட்டுத்தான் கோப்பையைக் கீழே வைப்பார். சோறு தின்ற பீங்கானைக் கழுவத் தேவையில்லை. வள்ளத்தில் ஏறியதும் தலைகளை எண்ணினார். ஒன்பது. களப்பின் நடுவில் வைத்துத் திரும்பவும் எண்ணினார்.

"நடுக்கடல்ல ஆரு மிஸி எறங்கிப் போவாங்க?" என்றேன்.

"ஏறக்குள்ளயும் எண்ணனும், எறங்கக்குள்ளயும் எண்ணனும் தம்பி. நடுவில எண்ணுறது எனக்கு."

எனக்கு உடனே ஒரு பெரிய உண்மை விளங்கியதுபோல இருந்தது. அவர் தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்தவர். அப்போது வள்ளத்தில் ஏறும்போது யாரோ விடுபட்டிருப்பார்கள், அந்தக் காயம்தான் இப்படி எண்ண வைக்கிறது என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி, மெல்லக் கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் வந்து சேந்தாங்க தம்பி. ஒரு ஆடுதான் விடுபட்டிச்சு. நான் சின்னதிலயே இப்பிடித்தான். இது பொறந்த அண்டைக்கே ஒரு அழுகயும் மிச்சம் வெக்காம அழுதிச்சு எண்டு எங்கட உம்மா சொல்லுவா."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான்.

எங்கள் தீவின் பள்ளிக்கூடம் ஒரே ஒரு கட்டடம். ஒரு பக்கம் கடல் இரையும், மறுபக்கம் தென்னோலை இரையும். நடுவில் ஜெனரேட்டர். அதற்கும் மேலே பிள்ளைகள். மிஸி ஒரு மூலையில் போனைப் பிடித்துப் பார்த்தார். "ம்ஹூம்" என்றார். அதிபரின் அறையில் பார்த்தார். "ம்ஹூம்." பள்ளிவாசலின் பின்பக்கம், தேவாலயத்தின் உட்பக்கம், தண்ணீர்த் தாங்கியின் அடி, எல்லாம் ம்ஹூம். காது கேட்கிறதா என்று பார்க்க முதலில் ஒன்றும் கேட்காத இடம் வேண்டுமாம். தீவில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது. அவர் பின்னால் நடந்துகொண்டிருந்த எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இடம் கிடைக்காவிட்டால் ஆள் திரும்பிவிடுவார்.

அப்போதுதான் என் ஐஸ் பெட்டி அவர் கண்ணில் பட்டது.

அது ஒரு காலத்தில் கூலர் லொறியின் முதுகில் இருந்த பெட்டி. லொறி செத்த பிறகு பெட்டியை மட்டும் வாங்கி, இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்தேன். சுவர் ஒரு சாண் தடிப்பு. மிஸி அதில் கையால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன?"

"மீன் மிஸி. காதுள்ள ஒண்டும் இல்ல."

"கதவத் தெறங்க."

உள்ளே போய், கதவைச் சாத்தச் சொல்லி, தனியாகப் பத்து நிமிடம் இருந்தார். நான் வெளியே நின்று, இந்த அம்மா உறைந்துபோனால் தில்லையடிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். அப்போது அதற்குள் ஐஸ் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கதவு திறந்தது.

"ஒரு சொட்டு விழுது" என்றார்.

"எங்க?"

"உள்ளுக்கு. எங்கயோ. சொட்டு. பொறகு கொஞ்ச நேரம் இல்ல. பொறகு சொட்டு."

நான் அந்தப் பெட்டியை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். ஒரு சொட்டையும் கேட்டதில்லை. அரை மணித்தியாலம் தேடி, பின்பக்கத்து நீர் போகும் துளையில் கண்டுபிடித்துச் சாக்கை அடைத்தேன். திரும்பவும் உள்ளே போய் இருந்துவிட்டு வந்து, "இப்பச் சரி" என்றார். அதன் பிறகு நான் அவர் அருகில் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்.

பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே எடுத்தார். வேலை லேசு. இயர்போனில் கீ என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். கேட்டால் கையிலிருக்கும் சோகியில் ஒன்றை டப்பாவில் போட வேண்டும். முதலில் வலது காது, பிறகு இடது. டப்பாவின் அடியில் ஈரத்துணி, விழுகிற சோகி சத்தம் போடக்கூடாது என்பதற்கு. மிஸியின் விரலைப் பார்த்துப் போடுகிற கெட்டிக்காரர்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி இருத்தினார். பிள்ளைகள் பாரை மீன் மணத்தோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அவர்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் காலையில் இறங்குதுறையில் வைத்து, இதில் பெயிலானவர்களைச் சிலாபத்துக்குக் கொண்டுபோய்த் திருக்கையின் காதை வைத்துத் தைப்பார்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஒருத்தி, "திருக்கைக்குக் காது இரிக்கா மாமா?" என்றாள். "இருந்திச்சு. எல்லாத்தயும் தச்சு முடிச்சிட்டாங்க" என்றேன். பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் பெயிலானால் எங்கேயோ கொண்டுபோவார்கள், விசாரிப்பார்கள், போனில் எல்லாம் பதிந்திருக்கும் என்ற பகுதியை, சொல்லி முடிப்பதற்குள் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். தீவிலேயே என் கதையை முழுதாக நம்பிய ஒரே ஆள் நான்தான்.

மகள் அன்று தீவில் இல்லை. முதல் நாளே கனமூலையில் என் ராத்தாவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் மிஸி பிள்ளைகளின் பெயர் பதிந்த டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"முப்பத்தாறு முடிஞ்சு. ஒரு பேர் மிச்சம்."

"காய்ச்சல்" என்றேன் நான். "கனமூலைக்குப் போயிருக்கிறா" என்றார் அதிபர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

"கனமூலையில காய்ச்சல்" என்று நான் ஒட்டுப் போட்டேன்.

அதிபர், "இவர்ட மகள்தான் மிஸி" என்று விளக்கம் வேறு கொடுத்தார். மிஸி என்னைப் பார்க்கவில்லை. எதையோ எழுதினார்.

"அடுத்த மாசம் வாறன்."

"ஒரு புள்ளைக்காகவா மிஸி? களப்பு கடந்து?"

"ஒரு புள்ளைக்கு எண்டு ஆரு சொன்ன? ஒரு பேர் மிச்சம் எண்டுதான் நான் சொன்ன."

அந்த ஒரு மாதமும் நான் தூங்கிய தூக்கம் தூக்கமில்லை. வீட்டுக்குள் இருந்தால் வெளியே போகத் தோன்றும். வெளியே போனால் யார் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். மகளிடம் பேசும்போது அவளுடைய வலது பக்கத்துக்குச் சுற்றிப் போய்ப் பேசப் பழகினேன். அவள் திரும்பினால் நானும் கூடவே சுற்றுவேன். "என்னத்துக்கு அவளச் சுத்திச் சுத்தி ஆடுறீங்க?" என்று மனைவி கேட்டாள். ஆடியே காட்டினேன். இருவரும் சிரித்தார்கள். பகிடிக்காரனாக இருப்பதில் ஒரு வசதி, பயத்தில் செய்கிற எதையும் யாரும் பயம் என்று எடுக்கமாட்டார்கள்.

அடுத்த மாதம் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், மிஸி கற்பிட்டி இறங்குதுறையில் நின்றார். நான் எஞ்சின் கயிற்றை இழுத்தேன். பிடிக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். வியர்வை வழிய வழியப் பதினைந்து தரம் இழுத்தேன். "இண்டைக்கு எஞ்சின் ஏமாத்திட்டுது மிஸி. திரும்பிப் போங்க, நான் கோல் எடுக்கிறன்" என்றேன். அவர் அசையவில்லை.

"தம்பி, சட்டப் பையில என்ன?"

"வெத்தில."

"வெத்தில எண்ணெ விடுமா?"

குனிந்து பார்த்தேன். என் வெள்ளைச் சட்டையின் பையில் இரண்டு கறுப்பு வட்டம். காலையில் கழற்றிப் போட்ட இரண்டு பிளக்கும் அங்கே பத்திரமாக இருந்தன. எடுத்துப் பூட்டினேன். முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடித்தது. அதற்கும் ஒரு நன்றி விசுவாசம் இல்லை.

ஏன் கழற்றினாய் என்று மிஸி கேட்கவில்லை. ஏச்சும் இல்லை. ஏறி உட்கார்ந்து தலைகளை எண்ணினார். ஆறு. கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால் களப்பு முழுக்க ஒன்றன் பின் ஒன்றாகப் பொய்களைச் செய்து, சரிபார்த்து, களப்பில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மகளைத் தீவின் வால் பக்கத்தில் என் தம்பியின் மீன் வாடியில், அவன் மனைவியிடம் விட்டிருந்தேன். அதற்காக என் மனைவியோடு ஒரு தகராறு நடந்திருந்தது.

"என்னத்துக்குப் புள்ளய ஒளிக்கிற?"

"ஊசி போடுவாங்களாம்."

"காதுல ஊசி போடுவாங்க எண்டு ஆரு சொன்ன?"

நான்தான் சொன்னேன் என்று சொல்ல முடியவில்லை.

மிஸி பள்ளிக்கூடத்துக்குப் போனார். அந்தப் பெயருள்ள பிள்ளை வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் போனார். ஆள் இல்லை. திரும்பி இறங்குதுறைக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின்மேல் பேக்கை மடியில் வைத்து உட்கார்ந்தார். பகல் தாண்டிவிட்டது. அந்த மாதங்களில் பகலுக்குப் பிறகு காற்று எழும்பிவிடும். களப்பின் வாயில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கியது.

"மிஸி, காத்து எழும்புது."

"எழும்பட்டும்."

"இன்னம் அரை மணித்தியாலம் போனா வள்ளம் விட ஏலாது."

"அப்ப இண்டைக்கு இங்கயே நிக்கிறன். ஒங்கட வீட்ட."

வீட்டுக்கு வருகிறேன் என்ற மனிசியை வேண்டாம் என்று எந்த முஸ்லிம் சொல்வான். "அல்ஹம்துலில்லாஹ், வாங்க" என்றேன். என் வாய் சொன்னது. என் கால் இறங்குதுறையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தது. நங்கூரத்தை அவிழ்த்துக் கட்டினேன். கட்டியதை அவிழ்த்தேன். தாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். மிஸி பேக்கிலிருந்து ஒரு பணிஸ் எடுத்துத் தின்று, மடியில் விழுந்த துகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றார்.

அப்போது கடற்கரை வழியாக ஒரு பிள்ளை வருவது தெரிந்தது. பாவாடை முன்பக்கத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். எவ்வளவு தூரத்திலிருந்தாலும் அந்த நடை எனக்குத் தெரியும். பின்னால் என் தம்பியின் மனைவி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

மகள் நேரே மிஸியிடம் போனாள். பாவாடைக்குள் சோகி. கழுவிய, நல்ல, ஒரே அளவான சோகி.

"எல்லாரும் பெட்டிக்குள்ள போட்டாங்களாம். நான் மட்டும் போடல்ல. நானே பொறுக்கி வெச்சிருக்கன்."

மிஸி அவளைப் பார்த்தார், சோகியைப் பார்த்தார். கடைசியாக, அன்று முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"பெட்டியத் தெறங்க தம்பி."

நானும் உள்ளே வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பெட்டி என்னுடையது, கதவு சிலவேளை இறுகும், என்று ஏதேதோ சொன்னேன். சரி என்றார். ஒரு சின்ன விளக்கு. மகள் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள், தலையை விடப் பெரிய இயர்போன். கதவைச் சாத்தியதும் கடல் நின்றது. காற்று நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வலது காது. ஒரு சோகி விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவள் கை சுறுசுறுப்பாக இருந்தது. கடைசியில் மிகமிக மெல்லிய சத்தத்துக்கும் போட்டாள் போல, மிஸி தலையை ஆட்டினார்.

இடது காது.

மகளின் கை மடியிலேயே இருந்தது. அவள் காத்திருந்தாள். சத்தம் வரும் என்று ஆசையோடு காத்திருக்கிற பிள்ளையின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் இப்போது. மிஸியின் விரல் போனில் ஏறிக்கொண்டே போனது. நான் இருமினேன். சத்தத்தால் கெட்டுப்போனது என்று எழுதட்டும் என்று. மிஸி காத்திருந்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். அப்போது நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். மெல்லக் கையை நீட்டி, மகளின் குவியலிலிருந்து ஒரு சோகியை எடுத்து, டப்பாவுக்குள் போட்டேன். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"தம்பி," என்றார் மிஸி, குரலை உயர்த்தாமல், "இப்ப நான் சத்தம் ஒண்டும் போடல்ல."

வெளியே வந்தோம். மகள் மிச்சச் சோகியை எண்ணிக்கொண்டு, "இந்தப் பக்கம் மிஷின் வேல செய்யல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள். மிஸி டாப்பில் கடைசிப் பெயருக்கு நேரே எழுதினார். எழுதிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். பேனையை மூடவில்லை.

"ஒரு கேள்வி மிச்சம். எப்ப இருந்து?"

நான் ஒரு பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நான்தான் மிஸி. நான் அடிச்ச. போன வருசம். இந்தக் கன்னத்தில. அதுக்குப் பொறகுதான் கேக்காமப் போன."

என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். வள்ளத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முழங்கால் தண்ணீரில், வள்ளத்தின் பின்னால், எஞ்சின் காற்றாடிக்குக் கிட்ட நின்று எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். தள்ளி வா, தள்ளி வா என்று கூப்பிட்டேன். மூன்று தரம் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பாய்ந்து, இழுத்து, கரையில் போட்டு, பயத்தில் அறைந்தேன்.

மிஸி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டது முந்தியா, அடிச்சது முந்தியா?"

"கூப்பிட்டதுதான் முந்தி."

"எந்தப் பக்கம் நிண்டு கூப்பிட்டீங்க?"

"இடது பக்கம்."

அதையும் எழுதினார். பேனையை மூடினார். "அடிச்சது பிழ தம்பி. அத நீங்க அவட்டக் கதைச்சுக்கொள்ளுங்க. நான் டொக்டருக்குக் கடிதம் தாறன்." பெயர் முடிந்துவிட்டதால் எங்கள் வீட்டில் தங்கவில்லை. என் வள்ளத்தில் ஏறி, தலைகளை எண்ணி, பெரிய அலைக்குள் நனைந்துகொண்டே கற்பிட்டிக்குத் திரும்பினார்.

அந்தக் கடிதம் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு அதில் 'ஃபாதர்' என்ற ஒரு சொல்தான் விளங்கியது. போதும். எல்லாவற்றையும் எழுதிவிட்டார், முதலில் டொக்டர், பிறகு பொலிஸ் என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாதிவழியில் பஸ்ஸில் ஒரு பொலிஸ்காரர் ஏறினார். மகளையும் இழுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போனேன். அவர் ஒரு பை வெண்டிக்காயோடு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டார்.

டொக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பெரிய மிஷினிலும் வைத்துப் பார்த்தார். கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "சவ்வு முழுசா இரிக்கு. அடியால வந்தது இல்ல" என்றார். "சின்னதில கூகைக்கட்டு வந்ததா? கன்னம் ரெண்டும் வீங்கி?"

வந்தது. ஐந்து வயதில். ஊதிய பேத்தை மீன் மாதிரி இருக்கிறாள் என்று படம் பிடித்துத் தீவு முழுக்கக் காட்டியவன் நான்.

"அதிலதான் நரம்பு போயிருக்கும். ஒரு காதில அப்பிடி வரும். திரும்ப வராது. மத்தக் காது நல்லா இரிக்கு. வகுப்பில அந்தக் காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி இருத்துங்க."

நான் சிரித்தேன். என் பிள்ளையின் காது திரும்ப வராது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு முன்னால், அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, வாய் நிறையச் சிரித்தேன். டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெளியே வந்து மகளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

மிஸி அதற்குப் பிறகு ஒரே ஒரு தரம்தான் வந்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நாலு பேர். பெட்டியைக் கழுவி, துளையில் சாக்கு அடைத்து, சொல்லாமலே ஆயத்தமாக வைத்திருந்தேன். வேலை முடிந்து இறங்குதுறைக்கு நடக்கும்போது டொக்டர் சொன்னதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். நான் அடித்ததால் இல்லையாம் மிஸி, நாலு வருசத்துக்கு முந்தியே போயிட்டாம், என்றேன்.

"எனக்குத் தெரியும். நீங்கதானே அண்டைக்குச் சொன்னீங்க" என்றார்.

நான் எங்கே சொன்னேன் என்று விளங்கவில்லை.

"அவட்டக் கதைச்சீங்களா?"

"இன்னம் இல்ல மிஸி."

"அப்ப ஒண்டு மிச்சம்."

அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்று பயந்தேன். உட்காரவில்லை. "இது ஒங்கட டாப்பில உள்ள பேர். என்டதில இல்ல" என்று சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறினார். மிச்சம் வைத்துவிட்டு அவர் போனதை நான் கண்டது அந்த ஒரு நாள்தான். களப்பின் நடுவில் தலைகளை எண்ணவும் மறக்கவில்லை. இப்போது முழங்கால் ஏலாது, தில்லையடியை விட்டு எங்கும் போவதில்லை என்கிறார்கள். வேறு ஒரு பெண் பிள்ளை நல்ல மிஷினோடு வருகிறாள். அவள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிடுகிறாள். எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

மகளிடம் பேச எனக்கு ஏழு மாதம் எடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, இறங்குதுறையில் வலை ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். பகிடி எதுவும் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"மகள், அண்டைக்கு வள்ளத்துக்குப் பின்னால நீங்க நிக்கக்குள்ள நான் அடிச்சன். பிழ. மன்னிச்சுக்கொள்ளுங்க. கூப்பிட்டும் நீங்க வரல்ல எண்டு பயந்திட்டன்."

அவள் வலையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்க என்னக் கூப்பிட்டீங்களா வாப்பா?"

கூப்பிட்டேன். மூன்று தரம், இடது பக்கம் நின்று. அந்தக் காது போய் அப்போது மூன்று வருடம். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காததற்காக நான் அவளை அடித்தேன்.